விற்றவர் சொன்னது 78 மைல், என் கைபேசி காட்டுவது 71: படகின் உண்மையான உச்ச வேகத்தை அறிவது எப்படி?

கேள்வி: கெம்பன்ஃபெல்ட்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்கரையில் வசிக்கிறேன். இந்த வசந்தத்தில் பழைய வேகப்படகு ஒன்றை வாங்கினேன். 21 அடி நீளம், வி வடிவ அடிப்பகுதி, பின்னால் 250 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின். கியர் விகிதம் 1.75 என்று கையேட்டில் உள்ளது. புரொப்பெல்லர் மூன்று இதழ் கொண்ட எவர்சில்வர். அதன் மீது 25 அங்குல பிட்ச் என்று பொறித்திருக்கிறது.

சார்னியாப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இதை வாங்கினேன். படகு மணிக்கு 78 மைல் ஓடும் என்று அவர் உறுதியாகச் சொன்னதோடு, ஜிபிஎஸ் திரையில் 78 என்ற எண் தெரியும் காணொளி ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதை நம்பித்தான் விலையைப் பேசி முடித்தேன்.

ஏரியில் இறக்கி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது குழப்பம் தொடங்கியது. முகப்பில் உள்ள முள் வேகமானி 80 காட்டுகிறது. சட்டைப் பையில் வைத்திருந்த கைபேசிச் செயலி 71க்கு மேல் ஏறவே இல்லை. படகோடு வந்த ஜிபிஎஸ் வரைபடக் கருவியோ, ஓடும்போது 71, 72 என்று காட்டிவிட்டு, கரைக்கு வந்து பார்த்தால் 'அதிகபட்ச வேகம் 84' என்று பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆர்பிஎம் முள், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள், ஏறத்தாழ 6,000இல் நின்றது. அன்று படகில் மூன்று பேர் இருந்தோம். எரிபொருள் தொட்டி முழுதாக நிரம்பியிருந்தது.

ஒரே படகு, ஒரே ஓட்டம், நான்கு எண்கள். விற்றவரோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை; படகு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேறு புரொப்பெல்லர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு ஆயிரம் டாலருக்கு அருகில் செலவாகும் என்பதால், இப்போது எவ்வளவு ஓடுகிறது என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எந்தக் கருவியை நம்புவது? அதை எப்படிச் சரிபார்ப்பது?

---

பதில்: பழைய மெக்கானிக்

உங்கள் கருவிகள் எதுவும் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை, தம்பி. அவை ஒன்றையே அளக்கவில்லை என்பதுதான் சங்கதி.

முகப்பில் உள்ள முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் அடிப்பாகத்தில், கியர் இருக்கும் அந்த டார்ப்பிடோ போன்ற பகுதிக்குச் சற்று மேலே, முன்விளிம்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். ஓடும்போது தண்ணீர் அந்தத் துளையில் மோதும் அழுத்தம் ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலேறி முள்ளை நகர்த்துகிறது. பிட்டோ குழாய் என்பது அதுதான். அது வேகத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்ற கணக்கில் முகப்பில் மைல் எண்களை அச்சிட்டிருக்கிறார்கள். 71 மைலில் அந்தத் துளையில் ஏறத்தாழ 73 பிஎஸ்ஐ அழுத்தம் விழ வேண்டும், 80 மைலில் ஏறத்தாழ 93. துளையில் பாசியோ மணலோ அடைத்தால் குறைவாகக் காட்டும். மானியின் சுருள் தளர்ந்திருந்தாலோ, மின்னணு மானியாக இருந்து அதில் திருத்த எண் தவறாகப் பதியப்பட்டிருந்தாலோ கூடுதலாகக் காட்டும். எஞ்சினை உயர்த்திப் பொருத்தியிருந்தால் காற்று கலந்த தண்ணீர் அந்தத் துளைக்கு வந்து முள் ஆடும். இத்தனை காலம் பட்டறையில் இருந்து சொல்கிறேன்: அந்த முள் எட்டு பத்து மைல் கூடுதலாகக் காட்டும் படகுகளின் உரிமையாளர்கள்தான் ஊரிலேயே மிகவும் மகிழ்ச்சியானவர்கள். கரையோரம் மெதுவாகப் போக அதைப் பயன்படுத்துங்கள். உச்ச வேகத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

இனி, எந்த ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் உங்கள் எண்களை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 25 அங்குல பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் நழுவாமல் முன்னேறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 25 அங்குலம் போகும் என்று பொருள். எஞ்சின் 6,000 சுற்று சுற்றினால், 1.75 கியருக்குப் பிறகு புரொப்பெல்லர் 3,429 முறை சுற்றும். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும், நிமிடத்துக்கு அங்குலம் என்பதை மணிக்கு மைல் ஆக்கும் 1,056 என்ற எண்ணாலும் வகுத்தால் நேரே மைல் கணக்கு வந்துவிடும். உங்கள் படகுக்கு அது 81.2 மைல். தண்ணீர் மரம் அல்ல என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் ஓடும். அந்தக் குறைவைத்தான் பட்டறையில் 'ஸ்லிப்' என்பார்கள். நழுவல் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் முள் சொல்லும் 80 உண்மையானால் நழுவல் ஒன்றரை விழுக்காடு கூட இல்லை. மூன்று ஆளும் முழுத் தொட்டியும் ஏற்றிய வி அடிப்பகுதிப் படகில் அது நடக்காது. 78 என்றால் நழுவல் 4 விழுக்காடு. நன்றாகச் சீரமைத்த, இலேசான படகில் கூட நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 71 என்றால் பன்னிரண்டரை விழுக்காடு. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அன்றைய எடைக்கு நம்பக்கூடிய எண். இவ்வகைப் படகு நன்கு அமைந்தால் 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் நிற்கும்.

இந்தக் கணக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறித்த பிட்ச் பெயரளவு எண்தான். இதழின் பின்விளிம்பைச் சற்று வளைத்துவிட்டால் 25 என்று எழுதியிருப்பது 26 போல் நடந்துகொள்ளும். முள் ஆர்பிஎம் மானி நூறு இருநூறு சுற்று தவறுவதும் சாதாரணம். எஞ்சினின் கணினியிலிருந்து நேராக ஆர்பிஎம் எடுக்க முடிந்தால் எடுங்கள். கருவி சொல்லும் வேகம் நடக்கக்கூடியதா, நடக்கவே முடியாததா என்று பிரித்துக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

---

பதில்: அளவைக்காரன்

நில அளவைத் தொழிலில் இருக்கிறேன்; ஜிபிஎஸ் கருவியோடுதான் என் பகல் பொழுது முழுவதும் போகிறது. படகு பற்றிய அறிவு எனக்கு முந்தைய பதிலாளரின் கால்பங்கு கூடக் கிடையாது. ஆகவே அளவை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் கருவி வேகத்தை இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கலாம். ஒன்று, ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவது. அடுத்தது, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் நம் நகர்வால் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. இரயில் நம்மைக் கடந்து போகும்போது அதன் ஊதல் ஒலி தணிகிறதே, அதே டாப்ளர் விளைவுதான் இது. திறந்த வானத்தின் கீழ் இரண்டாவது முறை வியக்கத்தக்க துல்லியம் உடையது. நல்ல கருவியில் பிழை கால் மைல் அளவில் அடங்கிவிடும். முதல் முறையில் இரண்டு இடங்களுக்கிடையே 3 மீட்டர் பிசகினால், நொடிக்கு 3 மீட்டர் என்பது மணிக்கு 6.7 மைல் ஆகிவிடும். உங்கள் கருவி பதிந்து வைத்த 84 அப்படிப்பட்ட ஒற்றைத் தாவலாகவே இருக்க வேண்டும். படகுத்துறையின் கூரைக்கு அடியிலோ, பாலத்துக்கு அடியிலோ, நீங்கள் நின்றுகொண்டு இருந்தபோதோ கூட அது நடந்திருக்கலாம். 'அதிகபட்சம்' என்ற நினைவகம் ஆயிரம் சரியான எண்களைத் தள்ளிவிட்டு, தவறான ஒரே ஓர் எண்ணைப் பத்திரப்படுத்தி வைக்கும் குணமுடையது. மன்றங்களில் பெருமையாக இடப்படும் வேகப் படங்களில் பெரும்பாலானவை அந்த எண்ணின் படங்கள்தான் என்பது என் ஐயம்.

கைபேசியை வேறு காரணத்துக்காகக் குறை சொல்ல வேண்டும். சட்டைப் பையில் வைத்தால் உங்கள் உடலே பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. பெரும்பாலான செயலிகள் நொடிக்கு ஒரு முறைதான் எண்ணைப் புதுப்பிக்கின்றன. போதாததற்கு எண் துள்ளாமல் இருக்கச் சில நொடிகளின் சராசரியைக் காட்டுகின்றன. 71 மைலில் படகு ஒரு நொடிக்குள் 32 மீட்டர் போய்விடுகிறது. ஆனாலும் முழு வேகத்தை எட்டியபின் பத்துப் பன்னிரண்டு நொடிகள் அசையாமல் பிடித்து ஓட்டினீர்கள் என்றால் இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. சட்டென்று எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைக் குறைத்திருந்தால்தான் செயலி உச்சத்தைத் தவறவிட்டிருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. நொடிக்கு 10 முறை பதியும் சிறிய ஜிபிஎஸ் பதிவுக்கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். கார்ப் பந்தய நண்பர்களிடம் கட்டாயம் இருக்கும். முகப்பின் மேல், வானம் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். ஓடும்போது அதைப் பார்க்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் தடப்பதிவுக் கோப்பைத் திறந்து, வேகம் சமமாக நின்ற பகுதியில் 40 நொடி இடைவெளி உள்ள இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்து, நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 71 மைலில் 40 நொடிக்கு 1,270 மீட்டர் வரும். இரு முனையிலும் 3 மீட்டர் எதிரெதிராகப் பிசகினாலும் மொத்தப் பிழை மூன்றில் ஒரு மைல்தான். கருவி காட்டிய வேகமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போனால் அந்த எண்ணைச் சந்தேகிக்கக் காரணமில்லை. தாவல்களுக்கு இங்கே இடமே கிடையாது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை மிஞ்சும். ஜிபிஎஸ் தரையைச் சார்ந்த வேகத்தைத்தான் சொல்லும், தண்ணீரைச் சார்ந்த வேகத்தை அல்ல. தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால் அதன் வேகமும் சேர்ந்துதான் எண்ணில் வரும். அதனால் ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டி, இரண்டு வேகங்களின் சராசரியை எடுக்க வேண்டும். நேரங்களைக் கூட்டி வகுக்காமல் வேகங்களையே கூட்டி இரண்டால் வகுங்கள். 70 மைல் படகு 3 மைல் நீரோட்டத்தில் 73, 67 என்று ஓடினால் வேகங்களின் சராசரி சரியாக 70 வரும். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் அதைவிடச் சற்றுக் குறையும், ஏனெனில் மெதுவாக ஓடும் திசையில் அதிக நேரம் செலவாகிறது.

காற்று இப்படி ஒழுங்காகக் கழிந்துபோவதில்லை. எதிர்க்காற்று தடுக்கும் அளவுக்குப் பின்காற்று உதவாது. எதிர்க்காற்று சில சமயம் படகின் முன்பகுதியைத் தூக்கி உராய்வைக் குறைக்கவும் செய்யும். ஆகவே காற்று அடங்கிய காலையில் ஓட்டுங்கள்.

ஒரு கேள்வி. விற்றவர் அனுப்பிய காணொளி எந்த நீரில் எடுத்தது? பின்னணியில் என்ன தெரிகிறது?

---

கெம்பன்ஃபெல்ட்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கேட்டபின் காணொளியை நான்கைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மொத்தம் 19 நொடிகள். ஓட்டுபவர் தனியாக இருக்கிறார். ஒரு கையில் கைபேசி. தொடக்கத்தில் கேமரா ஒரு கணம் பின்னோக்கித் திரும்புகிறது. அப்போது அவர் தோளுக்குப் பின்னால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெரிய பாலங்கள் தெரிகின்றன. ஒன்று இரும்புச் சட்டங்களால் ஆனது, மற்றது வில் வடிவம். கடைசியில் மறுபடி திரும்பும்போது அவை சிறுத்துவிட்டன. இடப்பக்கக் கரையில் ஆலைப் புகைபோக்கிகள். திரையில் 78க்குக் கீழே எஞ்சின் ஆர்பிஎம்மும் தெரிகிறது: 6,150. எரிபொருள் கட்டங்களில் இரண்டுதான் நிரம்பியிருக்கின்றன.

---

பதில்: அளவைக்காரன்

அந்த இரட்டைப் பாலம் சார்னியாவையும் அமெரிக்கப் பக்கத்துப் போர்ட் ஹியூரனையும் இணைக்கும் புளூ வாட்டர் பாலம். முதல் பாலம் 1938இல் திறக்கப்பட்டது, வில் வடிவப் பாலம் 1997இல். ஹியூரன் ஏரி முழுவதும் அந்தக் குறுகலான வாயில் வழியாகத்தான் செயின்ட் கிளேர் ஆற்றுக்குள் இறங்குகிறது. பாலத்தடியில் தண்ணீர் இழுக்கும் வேகத்தைக் கரையில் நின்றே கண்ணால் பார்க்கலாம். பாலம் பின்னால் சிறுக்கிறது, ஆலைகளுள்ள கனடியக் கரை இடப்பக்கம் இருக்கிறது என்றால் படகு தெற்கு நோக்கி, அதாவது நீரோட்டத்தோடு போகிறது. திரும்பி வடக்கு நோக்கி ஓடிய காணொளி உங்களிடம் இல்லை. ஒருவேளை அவரிடமும் இருந்திருக்காது.

மெக்கானிக் ஐயா தந்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 6,150 ஆர்பிஎம்முக்கு நழுவலே இல்லாத வேகம் 83.2 மைல். ஓர் ஆள், குறைந்த எரிபொருள் என்பதால் நழுவல் 9 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் தண்ணீரைச் சார்ந்த வேகம் 75.7. மீதம் இரண்டேகால் மைல். ஆறு அந்த அளவுக்குத் தள்ளியிருக்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தான் பார்த்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

---

பதில்: நீர்க்கரை மனிதன்

அந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1932 செப்டம்பரில் கார் வுட் தன் 'மிஸ் அமெரிக்கா 10' படகில் மணிக்கு 124.86 மைல் என்ற உலகச் சாதனையை நிறுவியது இதே செயின்ட் கிளேர் ஆற்றில், அல்கோனாக் ஊரருகேதான். அவர் ஒரு திசையில் மட்டும் ஓடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அதைச் சாதனை என்று யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டம், இரண்டின் சராசரி என்பதுதான் படகுச் சாதனைகளின் அடிப்படை விதி.

இன்று வரை முறியடிக்கப்படாத சாதனையும் அந்த விதிப்படி பதிவானதே. கென் வார்பி என்ற ஆஸ்திரேலியர், சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தால் கட்டிய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற ஜெட் எஞ்சின் படகை 1978 அக்டோபர் 8 அன்று நியூ சவுத் வேல்ஸின் புளோவரிங் அணைக்கட்டு நீரில் ஓட்டினார். ஒரு கிலோமீட்டர் தூரம், இரு திசை, சராசரி 317.6 மைல். அந்த ஓட்டத்தில் ஏதோ ஒரு கணத்தில் படகு அதைவிட வேகமாகவும் போயிருக்கும். ஆனால் பதிவேட்டில் இருப்பது அந்தக் கணம் அல்ல, முழுக் கிலோமீட்டரையும் கடந்த வேகம். உங்கள் கருவியின் 84க்கும் தடப்பதிவின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு இதேதான்.

மிசௌரியில் ஓசார்க்ஸ் ஏரியில் ஆண்டுதோறும் நடக்கும் ஷூட்அவுட் போட்டியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஒரு திசை ஓட்டம்தான், ரேடார் கொண்டு அளக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே தடத்தில் ஒரே திசையில் ஓடுவதால் யார் முந்தினார் என்று சொல்ல அது போதுமானது. உலகச் சாதனையோடு அந்த எண்ணை நேரே ஒப்பிடக் கூடாது. ரேடாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: அது தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே காணும். பாதையிலிருந்து 10 பாகை விலகி நின்று பிடித்தால் 71 என்பது 70 ஆகத் தெரியும். 20 பாகை விலகினால் 67க்கும் கீழே போய்விடும். இந்தக் கோணப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும். ஏரிக்கரையில் நின்று நண்பர் ரேடார் பிடிக்கிறேன் என்றால் அவர் படகின் பாதைக்கு நேர்முனையில் நிற்க வேண்டும். நேர்முனையில் நிற்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரு திசை ஓட்டம் என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகும். டொனால்ட் கேம்பல் 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் 'புளூபேர்ட்' படகில் முதல் ஓட்டத்தை 297 மைலுக்கு மேல் முடித்தார். 300ஐத் தாண்டிய சராசரிக்குத் திரும்பும் ஓட்டத்தில் இன்னும் வேகம் வேண்டியிருந்தது. வழக்கமாகச் செய்வதுபோல் எரிபொருள் நிரப்பி, நீர் அடங்கக் காத்திருக்காமல் உடனே திரும்பினார். படகின் முன்பகுதி மேலெழுந்து, தலைகுப்புறக் கவிழ்ந்து, அவர் இறந்தார். காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. தன் படகே எழுப்பிய அலைமேல் அவர் மறுபடி ஓடினார் என்பது அவற்றில் ஒன்று. உங்கள் 71 மைலுக்கு அந்தக் கதை மிகை என்று தோன்றலாம். ஆனால் வி அடிப்பகுதிப் படகுகள் 70ஐத் தாண்டும்போது இடமும் வலமும் மாறி மாறிச் சாயத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் நடுவே பழைய அலை ஒன்று குறுக்கிட்டால் திருத்த நேரம் இராது. முதல் ஓட்டம் முடிந்ததும் நின்று, பத்து நிமிடம் தேநீர் குடியுங்கள். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு அவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும். மிதவைச் சட்டை எல்லோருக்கும். ஓட்டுபவர் எந்தத் திரையையும் பார்க்கக் கூடாது. ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்வது பக்கத்தில் இருப்பவர் வேலை. காணொளியில் உள்ளதுபோல் ஒரு கையில் கைபேசியோடு 78 மைல் ஓட்டுவதை நான் மன்னிக்க மாட்டேன்.

கரையிலிருந்து 30 மீட்டருக்குள் இங்கே 10 கிலோமீட்டர்தான் வேக வரம்பு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் மறக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

---

கெம்பன்ஃபெல்ட்வாசி

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எழுதுகிறேன். காற்று அடங்கிய நாள் கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு விரிகுடாவில் இறங்கினோம். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. சிறிது நேரத்தில் மேற்கிலிருந்து மெல்லிய காற்று வந்து இலேசான சுருக்கம் விழுந்தது. தண்ணீர் அப்படிச் சுருங்கியபின் படகு இன்னும் இலகுவாக ஓடியதாக எனக்குத் தோன்றியது. அது உண்மையா மனப்பிராந்தியா என்று சொல்லத் தெரியவில்லை. முதல் முறைபோலவே மூன்று பேர், முழுத் தொட்டி. பதிவுக்கருவியை அலுவலக நண்பர் ஒருவர் தந்தார். மைத்துனர் ஆர்பிஎம் குறித்தார். எஞ்சின் கணினி காட்டியது 5,950. முகப்பு முள் வழக்கம்போல் 6,000 என்று சாதித்தது.

தடப்பதிவில் 40 நொடிப் பகுதியை அளந்ததில் கிழக்கே 72.1, மேற்கே 70.9, சராசரி 71.5. பதிவுக்கருவியே கணித்த வேகமும் பத்தில் இரண்டு மைலுக்குள் இதோடு ஒத்துப்போனது. நழுவல் 11 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. இம்முறை கைபேசியை முகப்பின் மேல் ஒட்டியிருந்தேன். அதுவும் 72 காட்டியது. பாவம், அதன்மீது வீண்பழி போட்டுவிட்டேன்.

பிறகு இருவரையும் கரையில் இறக்கிவிட்டு, தொட்டி பாதிக்குக் கீழே வரும்வரை ஊர் சுற்றிவிட்டு, தனியாக ஒருமுறை இரு திசையும் ஓட்டினேன். ஆர்பிஎம்மும் பதிவுக்கருவியிலேயே பதியும்படி நண்பர் இணைத்துத் தந்திருந்தார். 6,100இல் சராசரி 74.8. ஆகவே விற்றவரின் 78இல் பெரும்பகுதியை இந்தப் படகே தந்திருக்கிறது, மீதியை ஆறு தந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு இந்த எண்களை அனுப்பினேன். வடக்கு நோக்கி ஓட்டியதே இல்லை என்று பதில் எழுதினார்; எதற்காக ஓட்ட வேண்டும் என்ற வியப்பும் அதில் இருந்தது.

இப்போது 26 அங்குல புரொப்பெல்லர் வாங்கலாமா?

---

பதில்: பழைய மெக்கானிக்

வேண்டாம். 11 விழுக்காடு நழுவும்போது பிட்சைக் கூட்டினால் ஆர்பிஎம் குறையும், நழுவல் அப்படியே இருக்கும். பணத்தைச் செலவழிக்கும் முன் செலவில்லாத வேலையைச் செய்து பாருங்கள். எஞ்சினைப் படகின் பின்சுவரில் மாட்டும் ஆணித் துளைகள் மேலும் கீழுமாக இருக்கும்; அதில் எத்தனையாவது துளையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, ஒரு துளை உயர்த்துங்கள். அப்போது தண்ணீருக்குள் இழுபடும் பகுதி குறையும். ஒரே நிபந்தனை: முழு வேகத்தில் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது, போனால் உடனே பழைய துளைக்கு இறக்கிவிடுங்கள். அதே விரிகுடா, அதே மூன்று பேர், அதே முழுத் தொட்டி, அதே கருவியோடு மறுபடி இரு திசையும் ஓட்டுங்கள். வேறு எதையும் அதே நாளில் மாற்ற வேண்டாம்.

முகப்பு முள்ளைச் சரிசெய்ய வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். விட்டுவிடுங்கள். விருந்தினர் வரும்போது அது 80 காட்டட்டும்.

---

கெம்பன்ஃபெல்ட்வாசி

மூன்றாவது துளையில் இருக்கிறது, ஐயா. இந்த வாரக் கடைசியில் உயர்த்துகிறேன். மைத்துனரிடம் சொல்லிவிட்டேன், தேநீர்க் குடுவை அவர் கொண்டுவருகிறார்.